குற்றம் பேட்டரி மீதுதான்

சின்னக்கானல்,
புதன்கிழமை காலை.

மிக்க அன்புக்கும் அதைவிட மிக்க மரியாதைக்கும் உரிய மருமகன் ஜோஜோ அவர்களுக்கு, மாமனார் இன்னாசிராஜ் எழுதிக்கொண்டது.

ஆண்டவர் இரக்கத்தால் இங்கே நானும், உங்கள் அத்தை செபமாலையம்மாளும், நரி தூக்கிப்போன இரண்டு போக மற்ற கோழிகளும் நலம். மஸ்கட்டில் நீங்களும் எங்கள் மகள் ஜின்சியும் சுகமாக இருக்க வேண்டும், அந்த ஊர் வெயில் உங்களிடம் மட்டுமாவது பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் பத்து மணிகளை உங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

போனில் பேசாமல் இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். என் போன் ஆனையிறங்கல் அணையின் அடியில் இருக்கிறது; உங்கள் அத்தையின் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது. அது எப்படி அங்கே போனது என்பது இக்கடிதத்தின் நடுவில் வரும். பக்கத்து வீட்டு ரிஞ்சு இன்று மத்தியானம் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான். மாங்காய் ஊறுகாயோடு இதையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். போன சனிக்கிழமை படகில் நடந்ததைக் குமுளியிலிருந்து உங்கள் தாயார் இதற்குள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மையாகவே இருக்கும். இருந்தாலும், மின்சாரம் சம்பந்தப்பட்ட விஷயத்தில், தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் சொல்வதையும் ஒருதரம் கேட்டுவிட்டு முடிவுக்கு வருவதுதான் நியாயம் என்பதால் இதை எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் வருகிற வருஷம் அங்கே வேலையை விட்டுவிட்டுத் திரும்புவதாகவும், அணைக்கு அக்கரையில் விலைக்கு வந்திருக்கும் ஏலத்தோட்டத்தை வாங்கி இங்கேயே இருப்பதா, இல்லை குமுளிக்குப் போய் உங்கள் தாயாரின் மசாலாக் கடையைப் பார்த்துக்கொள்வதா என்பதை, தாயார் தோட்டத்தை நேரில் பார்த்துச் சொன்ன பிறகு தீர்மானிப்பதாகவும் ஜின்சி சொன்னாள். இதில் எனக்கு விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது. எங்களுக்கு இருப்பது ஒரே மகள். குமுளி ஒன்றும் சீமையில் இல்லை. பஸ் ஏறினால் மூன்று மணி நேரம்; மூட்டுவலிக்காரர்கள்கூட இடையில் இரண்டு இடத்தில் இறங்கி உட்கார்ந்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்து, இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகையால் என் மனதில் இருப்பதை நான் எங்கேயும் காட்டிக்கொள்ளவில்லை. தாயார் வருவதற்கு முந்தின வாரம் வீட்டுக்கு வெள்ளையடித்தது மழை ஓய்ந்ததால்தான். மாடி அறைக்குப் புதுக் கட்டில் போட்டது பழைய கட்டில் பழசாகிவிட்டதால்தான்.

தோட்டத்துக்கு ஜீப் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் ஒரு மணி நேரம் ஆகும், இடுப்பு எலும்பும் இடம் மாறும். தண்ணீர் வழியாகக் கால்மணி நேரம். அதற்காகத்தானே போன லீவில் நீங்கள் கொச்சியிலிருந்து அந்தப் பழைய மோட்டார் படகை லாரியில் ஏற்றிவந்து என் பொறுப்பில் விட்டுப்போனீர்கள். "மாமா, கரண்ட் பிரச்சினை ஏதாச்சும் வந்தா நீங்க கை வைக்க வேணாம். கொச்சி மெக்கானிக் நம்பர் தர்றேன், கூப்பிடுங்க" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த நம்பர் இப்போது என் போனோடு பத்திரமாக இருக்கிறது.

முதல் கோளாறு மூன்று வாரத்துக்கு முன்னால் வந்தது. சாவியைத் திருப்பினால் பல்லி சொன்னதுபோல் 'டிக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் அசையவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தது. நானூறு வோல்ட்டோடு குடித்தனம் நடத்தியவனுக்குப் பன்னிரண்டு வோல்ட் பால்குடிக் குழந்தை. பேட்டரியின் முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்ததைக் கண்டுபிடித்து, சுரண்டித் துடைத்து, வயரை இறுக்கி மாட்டினேன். திருப்பினேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. "இதோட விட்டுருங்க ஜின்சி அப்பா" என்று கரையில் நின்ற உங்கள் அத்தை சொன்னாள். அன்றைக்கே விட்டிருக்கலாம் என்று அவள் இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் மாப்பிள்ளை, மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தவனால் சும்மா இருக்க முடியுமா? வெள்ளை, நீலம், பழுப்பு, மஞ்சள் என்று வயர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. பாதி இடங்களில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, ஒட்டே வயரைவிட நீளமாக இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஓய்வுபெறும் நாளில் ஃபேக்டரி எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக நான் கருதும் நல்ல கனமான கேபிளை இழுத்தேன். அது முழுக்கக் கறுப்பு நிறம். எந்த வயர் எங்கே போகிறது என்பது எனக்கு மனப்பாடம் என்பதால் அடையாளம் எதுவும் போடவில்லை. அடிக்கடி போகிற ஃபியூஸை எடுத்துவிட்டு, என்றைக்கும் போகாத செம்புக் கம்பியை வைத்தேன். இதெல்லாம் முடிந்தபிறகு படகுக்குச் சில புதுப் பழக்கங்கள் வந்தன. விளக்குக்கான ஸ்விட்சைப் போட்டால்தான் சாவி வேலை செய்தது. உள்ளே கசியும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்பின் ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிந்தது. ஹாரன் பட்டனை அமுக்கினால் பம்ப் ஓடியது. நியாயமாகப் பார்த்தால் இதைப் பழுது என்று சொல்ல முடியாது, இடமாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஓர் அட்டையில் அழகாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினேன். கூடவே, துடுப்பு இரண்டும் இருந்தால் எஞ்சின் மேல் நமக்கே நம்பிக்கை இல்லாததுபோல் தெரியும் என்று அவற்றை எடுத்துக் கோழிக்கூட்டுக்குக் கதவாக அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் தாயார் வந்தார்கள். தேக்கடி ஏரிக்குப் பக்கத்திலேயே நாற்பது வருஷம் இருந்தும் ஒருநாள்கூடப் படகில் ஏறியதில்லையாம். "கடையை விட்டுட்டு எங்கிட்டு சம்பந்தி போறது?" என்றார்கள். கவலையே வேண்டாம், இந்தப் படகின் ஒவ்வொரு வயரும் என் கையால் போட்டது என்று தைரியம் சொன்னேன். உங்கள் அத்தை அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். நான் முன்னால் ஸ்டியரிங்கில், தாயார் என் பக்கத்தில், உங்கள் அத்தை பின்னால் சோற்றுத் தூக்குச்சட்டியோடு. விளக்கு ஸ்விட்சைப் போட்டேன், சாவியைத் திருப்பினேன், எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு போனது. கொஞ்சம் வேகம் காட்டினால் தாயாருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று லீவரை முன்னால் தள்ளி, எர்த் என்றால் என்ன என்பதை விளக்கிக்கொண்டு வந்தேன். அணையின் நட்டநடுவில், நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது, எஞ்சின் நின்றது. இருமவில்லை, திணறவில்லை. நின்றது.

"நின்னுருச்சே சம்பந்தி" என்றார்கள் தாயார், மிக மெல்லிய குரலில்.

முதல்முதலாகப் படகில் ஏறியவர்களைப் பதற்றப்படுத்தக் கூடாது அல்லவா? "நின்னுறல சம்பந்தியம்மா. நானாத்தான் நிறுத்துனேன். அக்கரையைப் பாருங்க, எவ்வளவு அழகுன்னு" என்றேன். தாயார் அக்கரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்கள்.

அழகைப் பார்க்க எவ்வளவு நேரம் கொடுக்கலாமோ அவ்வளவு கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் கரகரவென்று சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். இப்படி ஒரு முப்பது தடவை திருப்பியிருப்பேன். சுற்றுவது வரவர மெதுவாகி, கடைசியில் பழைய 'டிக்' மட்டும் வந்தது. எனக்கு உடனே காரணம் விளங்கிவிட்டது: பேட்டரி.

"மெக்கானிக்குக்குப் போன் போடுங்க" என்றாள் உங்கள் அத்தை.

"முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரி மெஷின் பார்த்தவன்கிட்ட இப்படிப் பேசுற!"

"அது ஃபேக்டரி. அங்கே மெஷின் நின்னாலும் காலுக்குக் கீழே தரை இருந்துச்சு."

இதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல் சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். உள்ளே இருட்டாக இருந்ததால் போனில் டார்ச்சைப் போட்டு, இரண்டு கையும் வேலைக்கு வேண்டியிருந்ததால் போனைப் பல்லில் கடித்துக்கொண்டேன். எஞ்சினுக்குப் போகும் கேபிளைத் தடவிக்கொண்டே படகின் ஓரத்துக்கு வந்து குனிந்தபோது, உங்கள் அத்தை, "இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டாள். கணவன் வாயில் போன் இருக்கும்போது அவனைக் கேள்வி கேட்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள். "பேட்டரி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். டார்ச் எரிந்தபடியே போன் தண்ணீருக்குள் வெகுதூரம் இறங்குவதை மூன்று பேரும் பார்த்தோம். நல்ல போன். கடைசிவரை வெளிச்சம் குறையவில்லை. உங்கள் அத்தையின் போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. உங்கள் தாயாரின் போனில் அங்கே சிக்னல் இல்லை.

இதற்குள் காற்று படகைப் புறப்பட்ட கரைக்கே மெல்லத் தள்ளிக்கொண்டு போனதை நான் கவனித்துச் சந்தோஷப்பட்டேன். அந்தக் கரையில் ஏழு ஆனைகள் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்ததை உங்கள் அத்தை கவனித்தாள். அதில் இரண்டு குட்டி. குட்டியோடு இருக்கும் ஆனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இனித் தாமதிக்க நேரமில்லை என்று, பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு நேராக ஒரு துண்டு வயரைக் கொடுத்தேன். அதாவது, ஸ்டார்ட்டருக்குப் போகிறது என்று நான் நினைத்த முனைக்கு. எல்லாம் கறுப்பு வயர் என்று முன்பே சொன்னேன். மாப்பிள்ளை, படகின் ஹாரன் அவ்வளவு சத்தமாகக் கூவும் என்பது அதுவரைக்கும் எனக்கே தெரியாது. வயரின் முனை உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது, இழுத்தாலும் வரவில்லை. ஹாரன் மூச்சுவிடாமல் கூவியது. ஏழு ஆனைகளும் ஒரேசமயத்தில் தலையைத் தூக்கின. பெரியது காதை விரித்துக்கொண்டு முட்டளவு தண்ணீருக்குள் வந்து நின்று எங்களைப் பார்த்தது.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று உங்கள் அத்தை கத்தினாள்.

நான் அட்டையைப் படித்தேன். ஹாரனை நிறுத்துவதற்கு அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. விளக்கைப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. பம்ப்பைப் போட்டேன், பகல் பதினோரு மணிக்கு விளக்கு எரிந்தது. "பதறாத, ஒவ்வொரு சர்க்யூட்டா பிரிச்சுத்தான் பார்க்கணும்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் அத்தை தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள், என்னைத் தாண்டி வந்தாள், பேட்டரியில் மாட்டியிருந்த தடித்த கேபிளை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சத்தம் நின்றது. "இப்ப சரியாயிருச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ஆனைகளும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போயின. சர்க்யூட்டைப் பிரித்துப் பார்க்கும் முறை அதுவல்ல என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

காற்றும் நின்றுவிட்டது. மேலும் இரண்டு மணி நேரம் நான் வயர்களைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு, உங்கள் தாயார் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், அணையில் வலை போடும் கருத்தப்பாண்டி மூங்கில் தெப்பத்தில் வந்து சேர்ந்தான். "ஹாரன் சத்தத்தக் கேட்டுட்டு, எந்தக் கல்யாண வேன் தண்ணிக்குள்ள இறங்கிருச்சோன்னு பதறிட்டேன் அண்ணே" என்றான். துடுப்பு எங்கே என்று கேட்டான். பேச்சை மாற்றினேன். எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்க்கும்போது மணி இரண்டு. சோறு, குழம்பு, கோழிக்கறி எதையும் யாரும் தொடவில்லை. தாயாருக்குக் கைகொடுத்து இறக்கிவிட்டேன். இன்னொரு கையை அவர்கள் முந்தானையிலிருந்து எடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட நிற்காமல் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். பஸ் படியில் ஏறும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "நான் யோசிச்சுச் சொல்றேன் சம்பந்தி" என்றார்கள். என்ன யோசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

மூன்று நாளாக நானும் யோசித்தேன் மாப்பிள்ளை. பேட்டரி சரியில்லை என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. அதைத் தேர்ந்தெடுத்து வாங்கியது யார் என்று நான் கேட்கப்போவதும் இல்லை. ஆனால் பேட்டரி தானாக என் பக்கத்தில் வந்து நின்று, எனக்கு எல்லாம் தெரியும் என்று பெருமை அடிக்கவில்லை. அதை நான் செய்தேன். கை வைக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்ன இடத்தில் கை வைத்தேன். ஃபியூஸைப் பிடுங்கினேன். தண்ணீரைப் பார்த்தாலே பயப்படும் ஒரு மனுஷியை, எலக்ட்ரீஷியன் என்ற என் பெயர் போய்விடக் கூடாது என்பதற்காக நாலு மணி நேரம் தண்ணீர் நடுவில் உட்கார வைத்தேன். முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி அவர்கள் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகையால் தாயார் என்ன சொல்கிறார்களோ அதன்படியே செய்யுங்கள். குமுளியிலேயே இருங்கள். நாங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம். படகை வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். மாடியில் போட்ட கட்டிலில் இனி நானே படுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வேலையும் உடம்பும் ஒருநாளும் நடுவழியில் நிற்காதிருக்க தேவமாதா உங்களுக்காகப் பரிந்து பேசுவாளாக. ஜின்சிக்கு எங்கள் முத்தங்கள். ஊறுகாய்ப் புட்டியை நிமிர்த்தி வைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமா,
இன்னாசிராஜ்
(எலக்ட்ரீஷியன், ஓய்வு)

பி.கு.: மேலே எழுதி முடித்து ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் அத்தையின் போனில் உங்கள் தாயார் கூப்பிட்டார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சம்பந்தி, ஒங்க மொகத்தப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு, அதான் சொல்லாமக் கொள்ளாம ஓடியாந்துட்டேன். படகு வேகமாப் போகவும் பயந்துட்டேன். பக்கத்துல ஒரு செவப்புக் கயிறு தொங்குச்சா, பஸ்ல மணியடிக்கிற கயிறு மாதிரின்னு நெனச்சு, மெதுவாப் போகச் சொல்லி ஒரு இழு இழுத்தேன். கையோட வந்துருச்சு, வண்டியும் நின்னுருச்சு. சேலைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன். நீங்க பாத்துட்டு, நானாத்தான் நிறுத்துனேன்னு சொன்னீக பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்புறமும் என் மானத்தக் காப்பாத்த, ஒண்ணுந்தெரியாத மாதிரி வயரப் பூராம் பிரிச்சு, போனத் தண்ணிக்குள்ள போட்டு, ஆனை முன்னால நின்னு, என்ன நடிப்பு! யோசிச்சுட்டேன் சம்பந்தி. எம்புள்ள ஒங்க பக்கத்துலயே இருக்கட்டும். இத மட்டும் அவன்கிட்டச் சொல்லிறாதீக."

வாசலில் பெட்டியோடு நிற்கும் ரிஞ்சுவிடம் கேட்டேன்; மஸ்கட்டில் அவனுக்குப் படகில்தான் வேலை. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்பதற்காக வைத்த கயிறாம் அது. ஒரு முனை எஞ்சின் ஸ்விட்சில், மறுமுனை ஓட்டுபவர் இடுப்பில் இருக்க வேண்டுமாம். கழன்றுவிட்டால் எவ்வளவு நல்ல பேட்டரி இருந்தாலும் எஞ்சின் பிடிக்காதாம். நான் இத்தனை நாளாக அதைச் சாவிக்கு மாட்டிய குஞ்சம் என்று நினைத்திருந்தேன்.

தாயாரிடம் நான் மறுத்து ஒன்றும் பேசவில்லை. "அதெல்லாம் ஒரு விஷயமா சம்பந்தியம்மா" என்று மட்டும் சொன்னேன். உங்கள் அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுத இடம் போதாது. வேறு தாளில் புதிதாக எழுதலாம் என்றால் ரிஞ்சு ஜீப்பில் ஏறிவிட்டான். ஆகவே பேட்டரியைப் பற்றி நான் எழுதியதையும், என் தவறுகள் என்று எழுதியதையும், குமுளியில் இருங்கள் என்று எழுதியதையும் ரத்து செய்கிறேன். தாயார் கயிற்றை இழுத்தது உங்களுக்குத் தெரியாது. மாமா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தது மட்டும் எப்படியோ தெரியும். ஜின்சி கேட்டால், ஊறுகாயைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள். அவள் நம்பமாட்டாள், சின்ன வயதிலிருந்தே நான் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. பரவாயில்லை. பக்கத்தில் வந்து இருந்துகொண்டு நம்பாமல் இருக்கட்டும்.